வீட்டுக் கண்காணிப்பு கேமராவில் சென்சார் அளவும் இருட்டும்

கேள்வி சுருக்கமாக இது: வாசலுக்கு ஒரு கேமரா வாங்க வேண்டும். ஒன்று 4கே, அதாவது 8 மெகாபிக்சல், சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) 1/2.8 அங்குலம். இன்னொன்று 4 மெகாபிக்சல்தான். ஆனால் சென்சார் 1/1.8 அங்குலம். விலை கிட்டத்தட்ட ஒன்று. இரவில் எது நன்றாகக் காட்டும்? சென்சார் கொஞ்சம் பெரிதாக இருப்பதால் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமா?

இரவுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். வித்தியாசம் வரும், கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே வரும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் சென்சார் அளவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறவும் இடம் இருக்கிறது. லென்ஸும் ஷட்டரும் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியைச் சேர்க்கும் நேரம்) சேர்ந்தால்தான் கணக்கு முழுதாகும். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் அந்த அங்குலக் கணக்கு. 1/2.8 அங்குலம் என்பதை வகுத்துப் பார்த்தால் சுமார் 9 மி.மீ. வரும். ஆனால் அந்தச் சென்சாரின் மூலைவிட்டத்தை அளந்தால் 6.5 மி.மீ.க்குள்தான் இருக்கும். 1950களில் வந்த விடிகான் படக்குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துப் பெயர் சொன்ன பழக்கம் இன்னும் தொடர்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பம். எனவே அங்குலத்தை விட்டுவிட்டுப் பரப்பளவைப் பாருங்கள். கண்காணிப்பு கேமராக்களில் அதிகம் வரும் மூன்று அளவுகளில், 1/2.8 அங்குலம் என்பது தோராயமாக 17 சதுர மி.மீ., 1/1.8 அங்குலம் 33 சதுர மி.மீ., 1/1.2 அங்குலம் 70 சதுர மி.மீ. பெயரில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது பரப்பில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு. பின்னத்தில் கீழே உள்ள எண் குறையக் குறைய சென்சார் பெரிதாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரத்தில் இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் நிறைய.

பரப்பு ஏன் முக்கியம் என்றால், இருட்டில் கேமராவுக்கு உள்ள ஒரே பிரச்சினை ஒளி போதாதது. ஒளி துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் ஒரு ஃப்ரேமுக்கு (வீடியோவின் ஒரு தனிப் படம்) சராசரியாக 100 ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், பதிவானால், அந்த எண்ணிக்கை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஏறக்குறைய 10 வரை மேலும் கீழும் ஆடும். அதாவது சத்தான தகவல் 100, தடுமாற்றம் 10. அதே இடத்தில் 25 ஃபோட்டான் மட்டும் பதிவானால் தடுமாற்றம் 5. முன்பு பத்துக்கு ஒன்று, இப்போது ஐந்துக்கு ஒன்று. ஒளி நான்கில் ஒரு பங்கானால் தெளிவு பாதியாகிவிடும். திரையில் புள்ளி புள்ளியாகக் கொதிப்பதுபோல் தெரிவது இந்தத் தடுமாற்றம்தான், இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். இன்னும் இருட்டாகி நாலைந்து ஃபோட்டான் என்ற நிலைக்கு வந்தால், சென்சாரிலிருந்து சிக்னலைப் படிக்கும்போது மின்சுற்று தானாகச் சேர்க்கும் இரண்டு மூன்று எலக்ட்ரான் பிழையே படத்தை விழுங்கிவிடும். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. கெயின் தகவலையும் பிழையையும் சேர்த்தே பெரிதாக்கும்.

இப்போது மெகாபிக்சல் விஷயத்துக்கு வருவோம். 1/2.8 அங்குல சென்சாரில் 2 மெகாபிக்சல் வைத்தால் ஒவ்வொரு பிக்சலின் பக்கமும் 2.9 மைக்ரான். அதே இடத்தில் 8 மெகாபிக்சலை அடைத்தால் 1.45 மைக்ரான். பக்கம் பாதி, பரப்பு கால் பங்கு. ஆக, அந்த 4கே கேமராவின் ஒவ்வொரு பிக்சலுக்கும் பழைய 2 மெகாபிக்சல் கேமராவின் பிக்சலுக்குக் கிடைத்த ஒளியில் கால்வாசிதான் கிடைக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டாவது கேமராவைப் பாருங்கள்: 1/1.8 அங்குலத்தில் 4 மெகாபிக்சல் என்றால் பிக்சல் பெரும்பாலும் அதே 2.9 மைக்ரான். 8 மெகாபிக்சலுக்கு அந்த 2.9 மைக்ரான் வேண்டுமென்றால் 1/1.2 அங்குல சென்சாருக்குப் போக வேண்டும். 2 மெகாபிக்சலுக்கு 1/2.8, 4 மெகாபிக்சலுக்கு 1/1.8, 8 மெகாபிக்சலுக்கு 1/1.2. கேமரா மாட்டுகிற வேலையில் அனுபவமுள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜோடிகள் இவை. காரணம் இந்த ஒரே பிக்சல் அளவுதான். 1/2.8 அங்குலத்தில் 4கே என்று பார்த்தால், அது பகலுக்கான கேமரா என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 4கே படத்தைச் சுருக்கி 2 மெகாபிக்சல் அளவில் பார்த்தால் நான்கு பிக்சல்களின் ஒளியும் ஒன்றாகச் சேர்ந்துவிடுமே, அப்புறம் என்ன நஷ்டம்? கணக்குப்படி அது சரிதான், சுத்தமான சிக்னலை அப்படியே வைத்திருந்தால். கண்காணிப்பு கேமராவில் அப்படி வைத்திருப்பதில்லை. கேமராவுக்குள்ளேயே நாய்ஸ் குறைப்பு நடக்கிறது, அப்புறம் எச்.265 போன்ற முறையில் சுருக்கப்படுகிறது, அதன் பிறகுதான் ரெக்கார்டருக்கு வருகிறது. நாய்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு மாதிரி இருப்பதால், முந்தைய ஃப்ரேமை வைத்து அடுத்ததை ஊகிக்கும் சுருக்க முறை அங்கே திணறுகிறது. ஒதுக்கிய பிட்ரேட் (வினாடிக்கு எழுதக்கூடிய தரவின் அளவு) முழுவதும் அந்தப் புள்ளிகளை எழுதுவதிலேயே கரைகிறது. யாராவது நடந்து வந்தால் முகத்துக்கு மிச்சமிருப்பது சொற்பம். கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறதே, அது இதனால்தான். பிறகு சுருக்கிப் பார்த்து மீட்பதற்கு அதில் எதுவும் இருக்காது.

அடுத்தது லென்ஸ். விளம்பரத்தில் சென்சார் பேசப்படும் அளவுக்கு லென்ஸ் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் ஒளி முதலில் நுழைவது அதன் வழியாகத்தான். லென்ஸின் குவிய நீளத்தை (2.8 மி.மீ., 4 மி.மீ. என்று லென்ஸுக்குச் சொல்லும் அளவு) எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். ஒரே அகலமான காட்சியைப் பிடிக்கும் இரண்டு கேமராக்களில் எதற்கு அந்தத் துளை பெரிதோ அது மொத்தத்தில் அதிக ஒளியைச் சேர்க்கும். 1/2.8 அங்குல சென்சாரில் 2.8 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் அகலத்தை 1/1.8 அங்குலத்தில் பிடிக்க ஏறக்குறைய 4 மி.மீ. லென்ஸ் வேண்டும். சின்ன சென்சாரில் எஃப் 2.0 என்றால் துளை 1.4 மி.மீ.; பெரிய சென்சாரில் எஃப் 1.6 என்றால் 2.5 மி.மீ. விட்டத்தின் வர்க்கம்தான் கணக்கு, எனவே பெரிய சென்சார் மூன்று மடங்கு ஒளியை அள்ளுகிறது. ஆனால் அதே சின்ன சென்சாருக்கு எஃப் 1.0 லென்ஸ் போட்டால் துளை 2.8 மி.மீ. ஆகிவிடும். இப்போது சின்னதுதான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது! பெரிய சென்சார் தானாக ஒளியை உண்டாக்குவதில்லை. அதற்கு ஏற்ற பெரிய லென்ஸைப் பொருத்த இடம் தருகிறது, வந்த ஒளியைப் பெரிய பிக்சல்களில் வாங்கிக்கொள்கிறது. பெரிய சென்சாரைக் கொடுத்துவிட்டு எஃப் 2.4 லென்ஸை மாட்டியிருந்தால் கொடுத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். எஃப் 1.6க்கும் எஃப் 2.4க்கும் இடையே ஒளி இரண்டே கால் மடங்கு மாறும்.

எஃப் 1.0 லென்ஸுக்கும் ஒரு விலை உண்டு, அது ஃபோகஸில். பெரிய சென்சாரில் 4 மி.மீ., எஃப் 1.0 லென்ஸ் போட்டு, தூரத்திலிருந்து முடிந்தவரை கிட்டே வரை எல்லாம் தெளிவாக இருக்கும்படி ஃபோகஸ் வைத்தால், சுமார் இரண்டே முக்கால் மீட்டருக்கு உள்ளே வருவது மங்கத் தொடங்கும். 2.8 மி.மீ., எஃப் 2.0 லென்ஸில் அந்த எல்லை முக்கால் மீட்டருக்கும் குறைவு. இரவிலும் வண்ணப் படம் என்று விற்கப்படும் கேமராக்கள் பெரும்பாலும் இந்த எஃப் 1.0 வகைதான். வாசற்படியை ஒட்டி, கதவைத் தட்டுபவரின் முகம் ஒரு மீட்டரில் வருகிற இடத்தில் இதை மாட்டினால் முகம் சற்றுக் கலங்கியே இருக்கும். முற்றம், வண்டி நிறுத்துமிடம், மதில் ஓரம் போன்ற இடங்களுக்கு அது அருமையான கேமரா.

இனி ஷட்டர். என்னைக் கேட்டால் இருட்டு விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கேமராவைத் தானியங்கி அமைப்பில் விட்டால், ஒளி குறையக் குறைய அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்க்கும். படம் பளிச்சென்று ஆகிவிடும். காலியான முற்றத்தின் படம் பகல் மாதிரி இருக்கும், பார்க்கிறவர் அசந்துபோவார். ஆனால் மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர். 1/30 வினாடியில் அவர் கிட்டத்தட்ட 5 செ.மீ. நகர்கிறார். 1/12 வினாடியில் 12 செ.மீ. 1/3 வினாடியில் 47 செ.மீ., அதாவது மூன்று முக அகலம். அந்த ஃப்ரேமில் முகம் ஒரு கோடாக இழுபட்டிருக்கும். யார் என்று கேட்டால் பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. இதோடு, பல ஃப்ரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் நாய்ஸ் குறைப்பையும் உச்சத்தில் வைத்திருந்தால், நடப்பவருக்குப் பின்னால் ஆவி போல ஒரு நிழலும் இழுபடும். அசையாத மதிலுக்கு இதெல்லாம் நன்றாகவே வேலை செய்யும். அசையாத மதிலைப் பார்க்கவா கேமரா வாங்குகிறோம்?

பெரிய சென்சாரின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். பிக்சலுக்கு நான்கு மடங்கு ஒளி கிடைக்கிறது என்றால், ஷட்டர் நேரத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தாலும் சின்ன பிக்சல் தந்த அதே தரத்தில் படம் கிடைக்கும். ஒன்று 1/12 வினாடியில் தருவதை இன்னொன்று 1/48 வினாடியில் தரும். 12 செ.மீ. இழுபடல் 3 செ.மீ. ஆகிறது. முகம் முகமாகத் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் நடுவில் நிற்பது அந்த வித்தியாசம்.

இதைப் புரிந்துகொண்டால் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) எண்ணையும் சரியாகப் படிக்கலாம். 0.005 லக்ஸ், 0.001 லக்ஸ் என்றெல்லாம் இருக்கும். முழு நிலவின் வெளிச்சமே அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவுதான். நிலவில்லாத வானத்தின் நட்சத்திர ஒளி 0.001 லக்ஸ் அளவில் இருக்கும். நட்சத்திர ஒளியில் வண்ணப் படம் என்றால் எவ்வளவு ஷட்டர் நேரத்தில், எவ்வளவு கெயினில், எந்த லென்ஸோடு என்று கேளுங்கள். எஃப் எண் மட்டும் பக்கத்தில் இருந்து ஷட்டர் நேரம் இல்லையென்றால், அந்த எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களின் கேமராக்களை ஒப்பிட முடியாது. நான் அந்த வரியைத் தாண்டி நேரே சென்சார் அளவு, எஃப் எண், மெகாபிக்சல் மூன்றுக்கும் போய்விடுவேன்.

சென்சார் எந்தத் தலைமுறை என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பழைய அமைப்பில் மின் இணைப்புகள் ஒளியை உணரும் பகுதிக்கு மேலே இருந்தன. வந்த ஒளியில் ஒரு பங்கு அதில் தடைபட்டது. பின்புறமிருந்து ஒளி வாங்கும் அமைப்பில் இணைப்புகள் கீழே போய்விட்டன. சோனியின் ஸ்டார்விஸ் வரிசை இந்த அமைப்பைக் கண்காணிப்பு கேமராக்களுக்காகவே கொண்டுவந்தது. ஸ்டார்விஸ் 2 அதற்கு அடுத்த தலைமுறை. அதனால் பழைய வகை சென்சார் ஒன்று அளவில் பெரிதாக இருந்தும் புதிய சின்ன சென்சாரிடம் தோற்பது உண்டு. ஆனால் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் பரப்புதான் ஜெயிக்கும். பின்புற ஒளி அமைப்பு வந்துவிட்டது, எனவே அளவு முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய சென்சார்களிலும் அதே அமைப்புதான் இருக்கிறது.

ஐஆர், அதாவது அகச்சிவப்பு, விளக்கு எரியும்போது இந்தக் கணக்கு மாறுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாறும். இருட்டியதும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஐஆர் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி விலகுகிற சத்தம் அது. படம் கறுப்பு வெள்ளையாகி, கேமரா தன் விளக்கிலேயே பார்க்கத் தொடங்கும். பத்து மீட்டருக்குள் உள்ள சின்ன முற்றத்தில் நல்ல ஐஆர் இருந்தால் சின்ன சென்சாரும் பாஸாகிவிடும். பெரிய சென்சார் அங்கேயும் ஷட்டரை வேகமாக வைக்க உதவும், எட்டும் தூரத்தைக் கூட்டும். தூரம் இரண்டு மடங்கானால் விழும் ஐஆர் ஒளி நான்கில் ஒன்றாகும், திரும்பி வருவது இன்னும் குறையும். அதனால் பெட்டியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அந்தத் தூரத்தில் ஏதோ ஒரு உருவம் தெரியும், முகம் தெரியாது. 850 நானோமீட்டர் விளக்கு லேசாகச் சிவப்பாக மின்னும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலிக்கான் சென்சாருக்கும் அது மங்கலாகத்தான் தெரியும், எட்டும் தூரம் நன்றாகக் குறையும். ஐஆர் படத்தில் சட்டையின் நிறம், வண்டியின் நிறம் எதையும் நம்ப முடியாது என்பதும் ஒரு பெரிய குறை. கறுப்புத் துணி வெள்ளையாகத் தெரிவது சாதாரணம்.

மெகாபிக்சலை ஒரேயடியாகக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். முகத்தின் மேல் போதுமான பிக்சல் விழ வேண்டும். கண்காணிப்பு கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு, ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவரை இவர்தான் என்று சொல்ல மீட்டருக்கு 125 பிக்சலும், தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் அடையாளம் காண 250 பிக்சலும் வேண்டும் என்றது. 1/2.8 அங்குல சென்சாரில் 2.8 மி.மீ. லென்ஸ் பத்து மீட்டர் தூரத்தில் சுமார் 20 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 4கே அங்கே மீட்டருக்கு 192 பிக்சல் தரும், 2 மெகாபிக்சல் 96 தான். பகலில் 4கேவின் பலம் இது, மறுக்க முடியாது. ஆனால் அதே 2 மெகாபிக்சல் கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் போட்டுப் பாருங்கள். அகலம் 9 மீட்டர் சொச்சமாகச் சுருங்கி, மீட்டருக்கு 200 பிக்சலுக்கு மேல் வந்துவிடும். எஃப் எண் மாறாதவரை ஒவ்வொரு பிக்சலிலும் விழும் ஒளி குறைவதில்லை. முகத்தில் பிக்சல் கூடுகிறது, இருட்டில் தாங்கும் பலம் அப்படியே இருக்கிறது. ஒரே கேமராவில் வீடு முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டு, ஆள் வருகிற வழியை மட்டும் குறுகலாகப் பிடிக்கும் கேமராவை ஒன்று வைத்தால் சாதாரண சென்சாரிலும் முகம் கிடைக்கும். இதைச் செய்பவர்கள் குறைவு என்பது எனக்குப் புரியாத ஒன்று.

உங்கள் கேள்விக்குத் திரும்பினால், 4 மெகாபிக்சல், 1/1.8 அங்குலம், லென்ஸ் எஃப் 1.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதையே எடுங்கள். வாசல் ஆறு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் 2.8 மி.மீ.க்குப் பதில் 4 அல்லது 6 மி.மீ. லென்ஸ் உள்ளதாகக் கேளுங்கள். பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்களில் சென்சார் அளவையே பல நிறுவனங்கள் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் சின்னது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு முதல் நாள் இரவே சோதித்துவிடுங்கள். வீட்டில் ஒருவரைச் சாதாரண வேகத்தில் வாசலைக் குறுக்கே கடந்து நடக்கச் சொல்லுங்கள், பிறகு நேரே கேமராவை நோக்கியும் நடக்கச் சொல்லுங்கள். நேரலையில் பார்க்காதீர்கள், ரெக்கார்டான காட்சியை எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி முகத்தை மட்டும் பாருங்கள். முகம் இழுபட்டிருந்தால் ஷட்டரின் அதிகபட்ச நேரத்தை 1/30 வினாடிக்கு மேல் போகாதபடி பூட்டுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகும், பரவாயில்லை. நிழல் தொடர்ந்து வந்தால் நாய்ஸ் குறைப்பைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கட்டம் கட்டமாக உடைந்தால் பிட்ரேட்டைக் கூட்டுங்கள். வண்டி விளக்கு நேரே அடிக்காத இடமென்றால் டபிள்யூடிஆரை (வெளிச்சமும் இருட்டும் கலந்த காட்சியைச் சமன்செய்யும் வசதி) இரவில் அணைத்துவிடுங்கள்; நீள, குறுகிய ஷட்டர்களில் எடுத்த ஃப்ரேம்களைச் சேர்க்கும் வகையாக இருந்தால் அது இருட்டில் நாய்ஸையும் அசைவில் இரட்டை விளிம்பையும் கொண்டுவரும்.

இத்தனைக்கும் பிறகு படம் போதவில்லை என்றால், இன்னும் பெரிய சென்சாருக்குப் போவதற்கு முன் கேமராவுக்கு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, கேமராவின் பார்வைக்குள் நேரே படாதபடி, சின்ன எல்இடி விளக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கேமராவோடு ஒட்டிய விளக்கில் லென்ஸ் முன்னால் உள்ள சிலந்தி வலையும் மழைத்துளியும் பூச்சியும் பளீரென்று தெரிந்து படத்தைக் கெடுக்கும். தள்ளி வைத்த விளக்கில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஒன்றிரண்டு லக்ஸ் வெளிச்சம் தரையில் விழுந்தால் போதும், 1/1.8 அங்குல சென்சார் 1/30 வினாடியிலேயே வண்ணத்தில் முகத்தைப் பிடித்துவிடும்.